ஒரு டீக்கடைப் படம், ஜிம்ப், கொஞ்சம் பொறுமை: எடிட்டிங் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு

ஃபோட்டோ எடிட்டிங் பழக ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது எந்த ஆப், எந்த ப்ரீசெட் என்பதைத்தான். ப்ரீசெட் என்பது யாரோ ஏற்கெனவே செய்துவைத்த அமைப்புகளின் தொகுப்பு, வேறு யாருக்கோ அளவெடுத்துத் தைத்த சட்டை. சில சமயம் நமக்கும் பொருந்திவிடும், பெரும்பாலும் தோள்பட்டையில் தொங்கும். அதனால் இங்கே ப்ரீசெட் கிடையாது. ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு எங்கே மாற்றுகிறோம், ஏன் மாற்றுகிறோம், எவ்வளவோடு நிறுத்துகிறோம் என்று வரிசையாகப் பார்க்கலாம்.

படம் இதுதான். விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு டீக்கடை. உள்ளே மஞ்சள் குண்டு பல்பு, வெளியே இன்னும் வெளுக்காத நீல வானம். மாஸ்டர் ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கி டீ ஆற்றுகிறார். பாய்லர் மேல் லேசாக ஆவி. இடது ஓரம் பெஞ்சில் ஒருவர் பேப்பர் படிக்கிறார், வலது ஓரத்தில் பளீரென்று ஒரு நீல பிளாஸ்டிக் டிரம். கேமராத் திரையில் நன்றாகத்தான் இருந்தது, கம்ப்யூட்டரில் திறந்தால் சப்பென்று இருக்கிறது. உங்களிடமும் இப்படிப் பத்துப் படங்களாவது இருக்கும்.

மென்பொருள் ஜிம்ப். 1996 முதல் இருக்கிறது, காசு கொடுக்க வேண்டாம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். ஃபோட்டோஷாப் வைத்திருப்பவர்களுக்கும் இதே வழிதான். மெனு இருக்கும் இடம் மாறலாம், ஆனால் லேயர், மாஸ்க், ஸ்க்ரீன், சாஃப்ட் லைட் எல்லாம் அங்கேயும் அதே பெயரில்தான் இருக்கின்றன. லேயர் என்றால் படத்தின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் கண்ணாடித் தாள் மாதிரி, மற்றவற்றை வரும் இடத்தில் பார்க்கலாம்.

எதையும் தொடுவதற்கு முன்

படத்தைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கி, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள். கண் முதலில் எங்கே போய் நிற்கிறது? இந்தப் படத்தில் டிரம்மில். மாஸ்டரின் கை, ஆவி, பல்பு எல்லாம் அப்புறம்தான். நிறம் அடர்த்தியாக இருப்பதும், சுற்றிலும் இருட்டாக இருக்கும் இடத்தில் வெளிச்சமாக இருப்பதும், விளிம்பு கூர்மையாக இருப்பதும் கண்ணை இழுக்கும். டிரம்மிடம் இந்த மூன்றும் இருக்கின்றன, பாவம் மாஸ்டரிடம் ஒன்றுகூட முழுசாக இல்லை.

ஒரு துண்டுக் காகிதத்தில் மூன்று வரி எழுதிக்கொள்ளுங்கள். எதை முன்னால் கொண்டுவர வேண்டும்: கை, விழும் டீ, ஆவி. எதை அடக்க வேண்டும்: டிரம், மேலே இருக்கும் தகரக் கூரை. படம் எப்படி உணர்த்த வேண்டும்: வெளியே குளிர், உள்ளே கதகதப்பு. இந்த மூன்று வரிக்கு உதவாத எந்த ஸ்லைடரையும் இன்று தொடப்போவதில்லை. எடிட்டிங்கில் கெட்டுப்போகும் படங்களில் பாதி, என்ன வேண்டும் என்று தெரியாமலே ஒவ்வொரு ஸ்லைடராக இழுத்துப் பார்த்ததால் கெட்டவை.

ரா ஃபைல் இருந்தால்

ரா என்பது கேமரா சென்சார் பதிவுசெய்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல், ஜேபெக் என்பது கேமராவே முடித்து அமுக்கிக் கொடுக்கும் வழக்கமான படம். ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். 12 பிட் ரா ஃபைலில் 4096, 14 பிட்டில் 16384. இருட்டான மூலையைக் கொஞ்சம் தூக்கும்போதுதான் இந்த வித்தியாசம் தெரியும். ஜேபெக்கில் திட்டுத்திட்டாக உடையும் இடம் ராவில் மழமழவென்று எழுந்து வரும். பல ஃபோன்களில் ப்ரோ மோடில் ரா எடுக்கும் வசதி இருக்கிறது, ஒருமுறை அமைப்புகளுக்குள் போய்த் தேடிப் பாருங்கள்.

ஜிம்ப் ராவை நேரடியாகத் திறக்காது. டார்க்டேபிள் அல்லது ராதெரபீ இரண்டில் ஒன்றை நிறுவிவைத்தால் அதன் வழியாகத் திறக்கும். இரண்டும் இலவசம். அங்கே செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பல்பின் மஞ்சளை முழுசாக வெள்ளையாக்கிவிடாதீர்கள். வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் ஒயிட் பேலன்ஸைப் பாதி வழியில் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் 'உள்ளே கதகதப்பு' என்று எழுதிவைத்தது இங்கேயே போய்விடும். பல்பு வெளுத்துப் போனால் பரவாயில்லை, அது பல்பு. ஆனால் ஆவி வெளுத்துப் போகக் கூடாது, அதற்குள் இருக்கும் சுருள்கள் தெரிகிறவரை ஹைலைட்டை, அதாவது வெளிச்சமான பகுதிகளை, குறையுங்கள். கான்ட்ராஸ்ட் இப்போது வேண்டாம். இந்தக் கட்டத்தில் படம் கொஞ்சம் சோகையாக இருப்பதுதான் நல்லது.

ஜேபெக் மட்டும்தான் இருக்கிறதா? சரி, அதையே திறங்கள். இமேஜ் மெனுவில் ப்ரிசிஷன் என்ற இடத்தில் 16 பிட் என்று மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாத விவரம் இதனால் வந்துவிடாது, ஆனால் இனிமேல் நாம் செய்யும் வேலையால் படம் மேலும் உடையாமல் இருக்கும்.

திறந்தவுடன் முதல் வேலை, ஜிம்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் ஆகச் சேமிப்பது. லேயர்கள் அப்படியே இருக்கும், அடுத்த மாதம் வந்துகூட மாற்றலாம். அப்புறம் கீழே இருக்கும் மூலப் படத்தைத் தொடவே கூடாது. எது செய்தாலும் அதன் நகலிலோ மேலே ஒரு புது லேயரிலோதான். 2025இல் வந்த ஜிம்ப் 3.0இல் ஃபில்டர்களையே பின்னால் திறந்து மாற்ற முடிகிறது. 2.10 வைத்திருப்பவர்களுக்கு அந்த வசதி கிடையாது, அதனால் நகல் எடுக்கும் பழக்கம் கட்டாயம்.

டிரம்மை என்ன செய்வது

முதலில் தோன்றுவது அழித்துவிடலாம் என்பதுதான். குளோன் டூல், ஹீல் டூல் எல்லாம் அதற்குத்தான் இருக்கின்றன, சுவரில் தொங்கும் ஒரு ஒயரை எடுக்க ஹீல் டூல் அருமையாக வேலை செய்யும். ஆனால் டிரம் பெரியது. அதற்குப் பின்னால் என்ன இருந்தது என்று நாமாகக் கற்பனை செய்து வரைய வேண்டும், புதியவர்கள் மாட்டிக்கொள்வது அங்கேதான். அழிக்க வேண்டாம், அடக்கினால் போதும்.

மூலப் படத்தை நகல் எடுங்கள். அந்த நகலின் நிறத்தை ஹியூ சாச்சுரேஷனில் முக்கால்வாசி குறையுங்கள், கர்வ்ஸில் (ஒரு கோட்டை வளைத்து வெளிச்சத்தை மாற்றும் கருவி) நடுப்புள்ளியைக் கொஞ்சம் கீழே இழுத்து இருட்டாக்குங்கள். படம் முழுவதும் செத்துப்போன மாதிரி ஆகும், பயப்பட வேண்டாம். இப்போது அந்த லேயர் மேல் ரைட் கிளிக் செய்து லேயர் மாஸ்க் சேர்க்கச் சொல்லி, கறுப்பு மாஸ்க்கைத் தேர்ந்தெடுங்கள். செய்ததெல்லாம் மறைந்து பழைய படம் திரும்பிவிடும். மாஸ்க்கில் கறுப்பு மறைக்கும், வெள்ளை காட்டும், சாம்பல் பாதி காட்டும். இந்த ஒன்று புரிந்துவிட்டால் பெரிய மலையைத் தாண்டிவிட்டீர்கள். மென்மையான பிரஷ், வெள்ளை நிறம், டிரம் மேல் மட்டும் பூசுங்கள். டிரம் மங்கி, சுவரோடு சுவராகப் பின்னால் போய்விடும்.

பிரஷ் பூசியும் மாஸ்க்கில் ஒன்றும் நடக்காமல் படத்தின் மேலேயே வெள்ளைப் பெயின்ட் விழுகிறதா? லேயர் பட்டியலில் சின்னப் படமும் அதன் பக்கத்தில் மாஸ்க்கும் இரண்டு கட்டங்களாக இருக்கும். மாஸ்க் கட்டத்தைக் கிளிக் செய்யாமல் பூசியிருப்பீர்கள். எல்லோருக்கும் நடப்பதுதான், கண்ட்ரோல் இசட்.

வெளிச்சத்தைக் கையால் வைப்பது

நேரம் போனாலும் பரவாயில்லை என்று நான் உட்காரும் இடம் இதுதான். டாட்ஜ், பர்ன் என்று இதற்குப் பெயர், இருட்டறைக் காலத்துப் பெயர்கள். நெகட்டிவைப் பெரிதாக்கிக் காட்டும் என்லார்ஜருக்குக் கீழே காகிதத்தில் ஒளி விழும்போது, ஒரு இடத்தைக் கையாலோ அட்டைத் துண்டாலோ மறைத்தால் அந்த இடம் பிரின்டில் வெளிச்சமாக வரும், அது டாட்ஜ். ஒரு இடத்துக்கு மட்டும் கூடுதல் நேரம் ஒளி கொடுத்தால் அது கறுக்கும், அது பர்ன். நம்மூர் ஸ்டூடியோக்களில் நெகட்டிவ் மேலேயே பென்சிலால் டச்சிங் செய்வார்கள், அந்தப் பொறுமையில் பாதி இருந்தால் போதும், நமக்கு அன்டூ வேறு இருக்கிறது.

ஒரு புது லேயர் சேர்த்து அதை நடுத்தரச் சாம்பலால் நிரப்புங்கள். நிறப்பெட்டியில் 808080 என்று அடித்தால் அந்தச் சாம்பல் வரும். லேயர் மோடை, அதாவது கீழே இருப்பதோடு அது கலக்கும் விதத்தை, சாஃப்ட் லைட் என்று மாற்றினால் சாம்பல் காணாமல் போய்விடும், ஏனென்றால் இந்த மோடில் நடுச் சாம்பலுக்கு எந்த விளைவும் இல்லை. அதைவிட வெளுப்பாக எது இருந்தாலும் கீழே இருக்கும் படத்தை வெளிச்சமாக்கும், கறுப்பாக எது இருந்தாலும் இருட்டாக்கும். இனி வேலையெல்லாம் இந்தச் சாம்பல் லேயரில்தான்.

பிரஷ்ஷின் ஒப்பாசிட்டி, அதாவது பூச்சின் அடர்த்தி, 8 அல்லது 10. அதற்கு மேல் போகாதீர்கள். ஒரு இழுப்பில் ஒன்றும் தெரியக் கூடாது, நாலைந்து இழுப்பு சேர்ந்தால் லேசாகத் தெரிய வேண்டும். வெள்ளையை எடுத்துக்கொண்டு டீ விழும் கோட்டின் மேல் மெல்லிய பிரஷ்ஷால் மேலிருந்து கீழே இழுங்கள். கிளாஸ் விளிம்பில் பல்பு மின்னும் புள்ளி, தூக்கிய கையின் முழங்கைக்கு மேல்புறம், ஆவியில் பல்புக்குப் பக்கத்துச் சுருள், பாய்லரின் பித்தளை வளைவில் ஏற்கெனவே மின்னிக்கொண்டிருக்கும் கோடு, இவ்வளவுதான். அப்புறம் எக்ஸ் விசையை அழுத்தினால் கறுப்புக்கு மாறும். பெரிய பிரஷ்ஷால் தகரக் கூரை, தரை, வலது மூலை. பேப்பர் படிக்கிறவரை முழுசாக இருட்டாக்கிவிடாதீர்கள். அவருடைய பேப்பரை மட்டும் கொஞ்சம் அடக்கினால் போதும், வெள்ளைக் காகிதம் கண்ணை இழுத்துக்கொண்டே இருக்கும்.

வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதை மறக்கவே கூடாது. பல்பு மாஸ்டரின் தலைக்கு மேல் இடப்பக்கம் இருந்தால், அவர் முகத்தின் இடப்பக்கமும் நெற்றியும்தான் வெளிச்சமாகலாம். வலக்கன்னத்தையும் சேர்த்து வெளிச்சமாக்கினால் முகம் தனியாக வெட்டி ஒட்டியது போல இருக்கும். இது மட்டுமில்லை, கல்யாண ஆல்பம் பழக்கத்தில் முகத்தை இரண்டு மூன்று ஷேடு வெளுப்பாக்குவது நம்மூரில் கை தானாகச் செய்யும் வேலையாகிவிட்டது. தயவுசெய்து வேண்டாம். கறுத்த தோலில் பல்பு வெளிச்சம் விழுந்து பளபளப்பது போல வெளுத்த மாவுத் தோலில் ஒருநாளும் பளபளக்காது. நிழலை நிழலாக விடுங்கள், மின்னும் இடத்தை மட்டும் தூக்குங்கள்.

நடுநடுவே லேயரின் கண் சின்னத்தை அணைத்துப் போட்டுப் பாருங்கள். பிரஷ் தடம் தெரிந்தால் சாம்பல் லேயருக்கு மட்டும் காஸியன் ப்ளர் என்ற மங்கலாக்கும் ஃபில்டரை 15, 20 அளவில் கொடுங்கள், தடங்கள் எல்லாம் ஒன்றோடொன்று கரைந்துவிடும். மெல்லிய டீக் கோடும் கரைந்துபோனால் அதை மட்டும் மறுபடி ஒருமுறை வரைந்துகொள்ளலாம்.

நிறம்

டிரம் லேயருக்கு மேலே, சாம்பல் லேயருக்குக் கீழே நிறத்துக்கென்று ஒரு லேயர் வேண்டும். சாம்பல் லேயரை ஒரு நிமிடம் அணைத்துவிட்டு, லேயர் மெனுவில் நியூ ஃப்ரம் விசிபிள் கொடுத்தால் அப்போது கண்ணுக்குத் தெரிவது முழுவதும் ஒரே லேயராக வரும். அதைச் சாம்பலுக்குக் கீழே நகர்த்திக்கொண்டு, சாம்பலை மறுபடி போட்டுவிடுங்கள்.

இப்போது கர்வ்ஸ். சேனலில் நீலத்தைத் தேர்ந்தெடுங்கள். இடது கீழ் மூலையில் இருக்கும் புள்ளியை, பின்னணிக் கட்டம் ஒன்றின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு மேலே தூக்குங்கள். நிழல்களில் நீலம் ஏறும். வலது மேல் புள்ளியை அதே அளவு கீழே இறக்குங்கள். வெளிச்சமான இடங்களில் நீலம் குறையும், நீலம் குறைந்தால் மஞ்சள் கூடும். கோட்டின் நடுவில் ஒரு புள்ளி வைத்து அது இருந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளுங்கள், தோல் நிறம் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் இருக்கும்.

சினிமா போஸ்டர்களில் ஆரஞ்சும் பச்சைநீலமுமாகப் பார்த்திருப்பீர்களே, இதற்கும் அதற்கும் அடிப்படை ஒன்றுதான். ஆனால் நம் படத்தில் மஞ்சளும் நீலமும் ஏற்கெனவே இருந்தன, பல்பிலும் வானத்திலும். இருப்பதை உரக்கச் சொல்கிறோம், அவ்வளவுதான். மத்தியான வெயிலில் எடுத்த படத்தில் இதையே போட்டால் ஒட்டாது. மாஸ்டரின் பற்களும் வெள்ளை பனியனும் மஞ்சளடித்தால் அளவு தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

மினுக்கம்

1980களில் மைக்கேல் ஆர்டன் என்ற கனடாப் புகைப்படக்காரர் ஒரே காட்சியை இரண்டு ஃபிலிம் ஸ்லைடுகளாக எடுத்தார், ஒன்று கூர்மையாக, இன்னொன்று ஃபோகஸ் இல்லாமல். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தபோது கனவு போல ஒரு மினுக்கம் வந்தது. அடுக்கி வைத்தால் இருட்டாகிவிடும் என்பதால் இரண்டையுமே ஓவர் எக்ஸ்போஸ் செய்து எடுத்தார். நமக்கு இது மூன்று கிளிக் வேலை. மறுபடியும் நியூ ஃப்ரம் விசிபிள், இந்த முறை எல்லாவற்றுக்கும் மேலே. காஸியன் ப்ளர், 24 மெகாபிக்சல் படம் என்றால் 25 முதல் 30, ஃபோன் படம் என்றால் இன்னும் கம்மி. மோட் ஸ்க்ரீன், ஒப்பாசிட்டி 20.

படம் முழுக்க விட்டால் கறுப்பெல்லாம் வெளுத்து, மூடுபனியில் எடுத்த மாதிரி ஆகிவிடும். கறுப்பு மாஸ்க் போட்டு பல்பு, ஆவி, பாய்லரின் மேல்பாகம் மூன்றில் மட்டும் வெள்ளையால் திறந்துவிடுங்கள்.

ஆவி போதவில்லையே

கற்பனையைக் கொஞ்சம் அவிழ்த்துவிடும் இடம் இது. இணையத்தில் ஆவிப் படம் தேட வேண்டாம், வீட்டிலேயே எடுத்துவிடலாம். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, ஒரு டம்ளரில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர், பின்னால் ஒரு கறுப்புத் துணி அல்லது கறுப்புப் போர்வை, பக்கவாட்டில் கொஞ்சம் பின்தள்ளி ஒரு டார்ச். டார்ச் வெளிச்சம் துணி மேல் படக் கூடாது, ஆவி மேல் மட்டும் பட வேண்டும். ஃபேனை நிறுத்துங்கள். நாற்பது ஐம்பது ஷாட் தட்டினால் இரண்டு மூன்றாவது அழகான சுருளாக மாட்டும். டீக்கடையில் பல்பு இடப்பக்கம் இருந்தால் டார்ச்சும் இடப்பக்கம். இதை விட்டுவிட்டால் பின்னால் என்ன செய்தாலும் ஒட்டவைத்தது என்று காட்டிக்கொடுத்துவிடும்.

அந்தப் படத்தை ஓப்பன் ஆஸ் லேயர்ஸ் மூலம் உள்ளே கொண்டுவந்து மேலே வைத்து மோடை ஸ்க்ரீன் ஆக்குங்கள். ஸ்க்ரீனில் முழுக் கறுப்பு மறைந்துவிடும், வெளிச்சம் மட்டும் நிற்கும். மல்டிப்ளையில் இதற்கு நேர்மாறாக வெள்ளை மறையும், வெள்ளைக் காகிதத்தில் வரைந்த கோட்டோவியத்தையோ கையெழுத்தையோ படத்தில் ஏற்ற அது வசதி. ஆவியைச் சுற்றி ஒரு செவ்வகமாக மங்கல் தெரிந்தால் துணி முழுக் கறுப்பாக இல்லை என்று பொருள். லெவல்ஸில் இடது முக்கோணத்தை வலப்பக்கம் நகர்த்திக்கொண்டே போனால் செவ்வகம் காணாமல் போகும், ஆவி சாகும் முன் நிறுத்திவிடுங்கள். ஆவி லேயருக்குக் கொஞ்சம் மஞ்சள் கொடுத்து, கை மேல் வரும் பகுதியை மாஸ்க்கில் மறைத்து, பாய்லர் வாயில் போய் உட்காரும்படி நகர்த்துங்கள். கடைசியாகப் படம் முழுவதற்கும் ஒரே அளவில் துளி நாய்ஸ், அதாவது பொடிப் புள்ளிகள், சேர்த்தால் இரண்டு படங்களின் தோற்றமும் ஒன்றாகிவிடும்.

இப்படிச் சேர்ப்பது புதுசு ஒன்றும் இல்லை. 1857லேயே ரைலாண்டர் என்ற புகைப்படக்காரர் முப்பது நெகட்டிவ்களுக்கு மேல் சேர்த்து ஒரே படமாக்கினார். ஆனால் செய்தி என்றோ ஆவணம் என்றோ சொல்லிக் கொடுக்கும் படத்தில் இதைச் செய்யக் கூடாது. 1982 பிப்ரவரியில் நேஷனல் ஜியாகிரஃபிக் அட்டைக்காகக் கீஸா பிரமிடுகளைக் கம்ப்யூட்டரில் நெருக்கி வைத்தார்கள், அந்த வசை இன்றுவரை தீரவில்லை. போட்டிக்கு அனுப்புவதாக இருந்தால் விதிமுறையைப் படித்துவிட்டு ஆவி லேயரை அணைத்துவிடுங்கள், டிரம்மை இருட்டாக்கியதுகூட அனுமதியா என்று பாருங்கள்.

குறைப்பது

எல்லாம் முடிந்ததும் மூடிவைத்துவிட்டு எழுந்து போங்கள், மறுநாள் திறங்கள். கண் பழகிவிட்டால் அதிகமானதுகூட சாதாரணமாகத் தெரியும். மறுநாள் எல்லாம் சேர்ந்த ஒரு நியூ ஃப்ரம் விசிபிள் எடுத்து, மூலப் படத்துக்கு மேலே அதை மட்டும் வைத்து மற்றவற்றை அணைத்துவிட்டு, ஒப்பாசிட்டியை 100இலிருந்து மெதுவாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். பெரும்பாலும் 70, 75இல் 'ஆ, இதுதான்' என்று தோன்றும். டிரம்மும் கொஞ்சம் திரும்பி எட்டிப்பார்க்கும், மற்ற லேயர்களைத் திரும்பப் போட்டு, சாம்பல் லேயரில் டிரம் மேல் இன்னும் இரண்டு இழுப்பு கறுப்பு பூசிவிட்டு மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபோனில் மட்டுமே செய்கிறவர்களுக்கு ஸ்னாப்சீட் போதும். பிரஷ்ஷில் டாட்ஜ் அண்ட் பர்ன் இருக்கிறது, ஆவியைச் சேர்க்க டபுள் எக்ஸ்போஷரில் லைட்டன் மோட் இருக்கிறது. செய்த வேலைகளின் பட்டியலுக்குள் போனால் ஒவ்வொரு படியையும் பிரஷ்ஷால் வேண்டிய இடத்துக்கு மட்டும் பூசலாம், அதுதான் அங்கே மாஸ்க். விரல் தடிமன்தான் பிரச்சினை, நன்றாகப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

வெளியே அனுப்பும்போது

இன்ஸ்டாகிராமுக்கு 1080 பிக்சல் அகலம், நிறவெளி எஸ்ஆர்ஜிபி (திரைகளுக்கான பொதுவான நிற அளவீடு), ஜேபெக் தரம் 90. சுருக்கிய பிறகுதான் ஷார்ப் செய்ய வேண்டும், முன்னால் செய்தது சுருக்கும்போது கரைந்துவிடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அமுக்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். பிரின்ட் போடுவதாக இருந்தால் ஒன்று கவனிக்க வேண்டும். திரை தானே ஒளி விடுகிறது, காகிதம் விடுவதில்லை, அதனால் பிரின்ட் நீங்கள் பார்த்ததைவிட இருட்டாகத்தான் வரும், இப்படி நிழல் அதிகமான படத்தில் இன்னும் மோசம். திரையின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துவைத்துப் பார்த்து, கூரையும் பெஞ்சும் அப்போதும் தெரிகின்றனவா என்று சரிபாருங்கள். லேபில் முதலில் 4க்கு 6இல் ஒன்று போட்டு, பகல் வெளிச்சத்தில் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு அப்புறம் 12க்கு 18 சொல்லுங்கள்.